கற்பூரம் பட்ட ரிக்கெற்

1

இன்று காலை, நாங்கள் குடியிருக்கிற பிரான்காச்சோவில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே தபாக்கி வாசலில் ஒரு கூட்டம். சிகரெட், முத்திரை, லொத்தர், பஸ் ரிக்கெற் எல்லாம் விற்கிற கடையை இங்கே தபாக்கி என்பார்கள். கடை திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. எங்கள் நகரத்து ரோசா நிற உதைபந்து அணி இந்த வருஷமும் மேல்பிரிவுக்கு ஏறுகிற கடைசிப் படிவரை வந்திருக்கிறது. போன வருஷம் ஏற முடியாமல் போனது. பல்கனிகளில் காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே ரோசாக் கொடிகள் தொங்குகின்றன; எது கொடி, எது துவாய் என்று தூரத்தில் தெரியாது.

வரிசையில் நின்ற தாடிக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, "சிஞ்ஞோர் லிஸ்தா!" என்று கத்தினார். சிஞ்ஞோர் என்றால் ஐயா, லிஸ்தா என்றால் பட்டியல். பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கையைக் காட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

பொலிதேயாமா வரை நாற்பது நிமிடம். அங்கேதான் எண்பத்து மூன்று வயதுச் சிஞ்ஞோரா ஒருவரின் வீட்டில் சமைத்து, துடைத்து, மருந்து எடுத்துக் கொடுத்து வருகிறேன். வழியெல்லாம் ஊதாப்பூ மரங்கள் பூத்துக் கொட்டுகிற காலம் இது. யன்னலில் தலையைச் சாய்த்தால் கண் திறந்தபடியே கனவு வரும். இன்றைக்கு அந்தக் கனவில் போன வருஷம் முழுவதும் வந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

2

எங்கள் மகள் அபி இங்கேதான் பிறந்தாள். வீட்டுக்குள் தமிழ், மாடிப்படியில் இத்தாலியன், தெருவில் இறங்கினால் அசல் சிசிலியன். சிநேகிதிகளோடு அவள் ரெலிபோனில் கத்துகிறபோது எனக்குப் பாதி விளங்காது. விளங்காத பாதியில்தான் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று மட்டும் விளங்கும்.

பதினான்கு வயதிலிருந்து மைதானத்துக்குப் போகிறாள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கூர்வா என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆட்டம் முழுக்க நின்றுகொண்டு பாடுகிற சனம் அங்கேதான். போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டியிருக்கும். என் மனைவி சுகந்தி மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். "பந்துக்குப் பின்னாலை ஓடுறவங்களுக்காக இவ என்னத்துக்குத் தொண்டையைக் கிழிக்கிறா?" என்று நான் ஒருநாள் கேட்டேன். அதற்குப் பிறகு அபி வீட்டில் உதைபந்துக் கதை கதைக்கவில்லை. ஐந்து வருஷம் அப்படியே போனது.

போன வருஷம் மே மாதம், மொண்டெல்லோவில் அவள் வேலை செய்த கடற்கரைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து போன் எடுத்தாள்.

"அப்பா, கடைசி மட்ச்சுக்கு ரிக்கெற் எடுக்க நாளைக்குக் காலமை தபாக்கியிலை வரிசையிலை நிக்கேலுமே? எனக்கு வேலை. இன்ரநெற்றிலை பாத்தன், எனக்கு முன்னாலை பதினாலாயிரம் பேர் நிக்கினம்."

"எத்தினை ரிக்கெற்?"

"ரெண்டு. ஒண்டு என்ரை பேரிலை. மற்றது..." அங்கே தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. "மற்றதை உங்கடை பேரிலை எடுங்கோ. செப்டெம்பரிலை நான் தொரினோவுக்குப் படிக்கப் போயிடுவன்தானே. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

இத்தனை வருஷத்தில் அவள் தன்னுடைய இடம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓம் என்று சொல்லி, கதைத்து முடித்த பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

காலை ஐந்து மணிக்குத் தபாக்கி வாசலுக்குப் போனால் எனக்கு முன்னால் எட்டுப் பேர். ஆறரைக்கு எழுபது பேர். எல்லாரும் "நான்தான் முதல் வந்தேன்" என்கிறார்கள், ஒருவர் காலை மற்றவர் மிதிக்கிறார்கள். இவர்களுக்கு வரிசை தெரியாது, பாவம். எங்களுக்குத் தெரியும். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடியமுன் போய் நின்று பழகிய கால்கள். அங்கே முதலில் வருகிறவன் ஒரு கொப்பித்தாளைக் கிழித்து, இலக்கம் போட்டு, வருகிறவர் பெயரையெல்லாம் எழுதுவான். எந்தப் பொலிசும் கேட்டு எழுதுவதில்லை. ஆனால் அந்தத் தாளை மீறி ஒருவனும் உள்ளே போகமாட்டான்.

யோசிக்காமலே, சட்டைப்பையில் கிடந்த சிஞ்ஞோராவின் கடைச்சாமான் துண்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முதலாவதாக நின்ற தாடிக்காரரிடம் போய், "நோமே?" என்று பெயர் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார். அடுத்தவரும் சொன்னார். எழுபதாவது ஆள் தானாகவே தேடி வந்து எழுதுவித்தார். ஏழு மணிக்கு ஒருவர் இடையில் நுழையப் பார்க்க, "லா லிஸ்தா! லா லிஸ்தா!" என்று வரிசையே கத்தியது. இருபத்தாறு வருஷத்தில் இந்த நாட்டுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான்.

இங்கே ரிக்கெற்றில் ஆளின் பெயரும் பிறந்த திகதியும் அச்சடிக்க வேண்டும். வாசலில் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். என் பெயரையும் என் அப்பா பெயரையும் கடைக்காரர் ஒரு விரலால் தட்டி முடிக்க, பின்னால் நின்ற அறுபது பேரும் பெருமூச்சு விட்டார்கள். மெல்லிய, வழுவழுப்பான இரண்டு துண்டுகள் வந்தன. ஒன்று இருபத்தைந்து யூரோ.

3

அடுத்த நாளே அதன் விலை வேறாகிவிட்டது. பஸ்ஸில் நூறு என்றார்கள். பார் ஒன்றில் கோப்பி குடிக்கப் போனால் நூற்றெண்பது. சிஞ்ஞோரா தினமும் காலையில் மீன் விலை விசாரிக்கிற மாதிரி ரிக்கெற் விலையும் விசாரித்தார். அவருக்குப் பந்தில் அக்கறை இல்லை. விலை ஏறுவதைக் கேட்பதில் ஒரு சுகம்.

ரோமில் சட்டத்தரணியாக இருக்கிற அவருடைய பெறாமகன், தங்கையின் பிள்ளை, புதன்கிழமை வந்தார். நான் ரிக்கெற் வைத்திருப்பதைச் சிஞ்ஞோரா சொல்லியிருக்கிறார். மேசையில் கோப்பியை வைத்தபோது அவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "முந்நூறு யூரோ தருகிறேன். நாளை இரவு வரை பெயர் மாற்றலாம். உங்களுக்கு உதைபந்து பிடிக்காதாமே?"

எங்கள் ஆட்களுக்கு வேலை செய்கிற வீட்டில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"முந்நூறோ? அது அபியின்ரை தொரினோ அறைக்கு ஒரு மாச வாடகையப்பா."

"ஓம்."

"நீங்கள் போய் என்ன செய்யப் போறியள்? ஆர் எந்தப் பக்கம் எண்டே உங்களுக்குத் தெரியாது."

அபி அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கிறது. "உங்கடை ரிக்கெற்தானே அப்பா. உங்கடை விருப்பம்" என்றாள். சொல்லிவிட்டுச் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அது முன்னமே அவிழ்ந்திருந்தது.

4

நான் முன்பும் ஒருதரம் ரிக்கெற் விற்றிருக்கிறேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்தில் கல்லூரி உதைபந்து என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் உயர்தரம் படித்த வருஷம் எங்கள் கல்லூரி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. கல்லூரி மண்டபத்துக்குக் கூரை போடக் காசு சேர்ப்பதற்காகப் பழைய மாணவர்கள் ரிக்கெற் அடித்தார்கள். ஐந்து ரூபா. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. இடது பக்கத்தில் விளையாடிய தாசன் என் வகுப்பு; ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். "வேலிப் பக்கமா நில், கோணர் அடிக்கேக்கை உன்னைப் பாப்பன்" என்று சொல்லியிருந்தான்.

வாசலில் ஒரு பெரியவர், மன்னாரிலிருந்து வந்தவராம், ரிக்கெற் இல்லாமல் நின்றார். முப்பது ரூபா நீட்டினார். முப்பது ரூபாவை அந்த வயதில் நான் ஒன்றாகக் கண்டதில்லை. விற்றேன். அந்தக் காசில் நகரத்துக்குப் போய் ஐஸ்கிறீம் குடித்தேன், படம் பார்த்தேன். தாசன் அன்றைக்குக் கோணரிலிருந்தே பந்தை வளைத்து நேரே கோலுக்குள் அடித்தானாம். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் சந்தித்தால் அந்தக் கோலைப் பற்றிக் கதைப்பார்கள். நானும் கண்டவன் மாதிரித் தலையாட்டுவேன்.

அடுத்த நாள் தாசன் கேட்டான். "நீ எங்கையடா நிண்டனி?"

"வேலிப் பக்கம்தான்."

"ஓம், ஆரோ கை காட்டினவை. நீயெண்டுதான் நினைச்சன்" என்று சிரித்தான்.

அதற்கடுத்த வருஷம் மைதானம் மைதானமாக இருக்கவில்லை. எத்தனையோ பேர் போன வழியில் தாசனும் போனான், திரும்பி வரவில்லை. அவன் விளையாடுவதைப் பார்க்க எனக்கு இன்னொரு நாள் கிடைக்கவில்லை. முப்பது ரூபாவுக்கு வாங்கின அந்த மன்னார்ப் பெரியவர்மேல் எனக்கு இப்போதும் ஒரு பொறாமை உண்டு.

வியாழக்கிழமை காலை சிஞ்ஞோராவின் பெறாமகனிடம், மன்னிக்க வேண்டும், நான் மகளோடு போகிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். சிஞ்ஞோரா அன்றைக்கு முழுவதும் முந்நூறு, முந்நூறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார். அபிக்கு விஷயம் தெரிந்தது. தன்னுடைய ரோசாச் சால்வையை என் கதிரையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

5

எங்கள் வீட்டில் முக்கியமான எந்தக் கடதாசியும் நேரே பைக்குள் போகாது. முதலில் சாமித்தட்டுக்குப் போகும். பெர்மெஸ்ஸோ, அபியின் சோதனை முடிவு, தொரினோவிலிருந்து வந்த கடிதம் எல்லாவற்றின் மூலையிலும் சந்தனப் பொட்டு இருக்கும். குவெஸ்தூராவில் ஒருமுறை உத்தியோகத்தர் அந்தப் பொட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக் கறையா என்று கேட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுகந்தி விளக்கேற்றி, இரண்டு ரிக்கெற்றையும் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள். முந்நூறு யூரோ போனதில் அவளுக்கு மனவருத்தம்தான். ஆனாலும் தகப்பனும் மகளும் சேர்ந்து போகிறார்களே என்று உள்ளூர ஒரு புளுகம். கற்பூரம் காட்டி முடித்து, தட்டை வைக்க இடமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டே கீழே வைத்தாள். சூடான பித்தளைத் தட்டு அபியின் ரிக்கெற்றுக்கு மேலே இருந்தது.

அந்தக் கடதாசி சூடு பட்டால் கறுக்கிற சாதி. எங்களுக்கு எப்படித் தெரியும்? தட்டை எடுத்தபோது நடுவில் அமாவாசை மாதிரி ஒரு வட்டம். பெயரும் இல்லை, கோடுகளும் இல்லை, இலக்கமும் இல்லை. என்னுடையது தட்டுக்கு வெளியே ஒரு மறுவும் இல்லாமல் கிடந்தது.

"நான் சாமிக்கெண்டுதானே வைச்சனான்" என்று சுகந்தி அழத் தொடங்கினாள்.

அபி கறுத்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முதலில் இத்தாலியனில் ஏதோ கத்தினாள். எனக்கு அது வலிக்கவில்லை. பிறகு சத்தமில்லாமல் தமிழில் சொன்னாள்.

"இதுக்குத்தான் நான் உங்களை ஒண்டுக்கும் கூப்பிடுறேல்லை."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்து வருஷமாக எனக்கு விளங்காமல் இருந்த ஒன்று அந்த ஒரு வசனத்தில் விளங்கியது. பள்ளிக்கூட விழாக்கள், பிறந்தநாள்கள், கடற்கரைகள் என்று எங்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்தவையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. சுகந்திக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நானும் குடித்தேன்.

சனிக்கிழமை காலை தபாக்கிக்குப் போனேன். பெயர் மாற்றுகிற காலம் முடிந்துவிட்டதால் என்னுடையதை அபிக்குக் கொடுக்கவும் வழியில்லை. கடைக்காரர் கறுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடவுளுக்கு முன்னால் நெருப்புக் காட்டினோம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. தன் கழுத்திலிருந்த மாதா பதக்கத்தைத் தொட்டுவிட்டு, இயந்திரத்தில் தேடி, ரிக்கெற் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, கடை முத்திரை குத்தித் தந்தார். "நாளைக்கு மைதானத்து ரிக்கெற் யன்னலில் காட்டு. தந்தாலும் தருவார்கள், தராமலும் விடுவார்கள்."

6

ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்கு ஆட்டம். நாங்கள் மூன்று மணிக்கே மலையடியில் இருக்கிற மைதானத்துக்குப் போய்விட்டோம். அபி எனக்கு இரண்டடி முன்னால் நடந்து வந்தாள். யன்னலில் இருந்த பெண் கறுத்த துண்டையும், முத்திரைத் தாளையும், அபியின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு, "அஸ்பெத்தாத்தே" என்றாள். காத்திருங்கள். இந்த நாட்டில் நான் முதல் படித்த சொல் அதுதான்.

காத்திருந்தோம். ரோசா ஆறு மாதிரிச் சனம் எங்களைக் கடந்து உள்ளே போனது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவன், பெயரைத் தான் பார்த்துக்கொள்வதாக வாய்க்குள் முணுமுணுத்து, ரிக்கெற் விலை சொல்லிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு முந்நூற்றைம்பது, ஐந்து மணிக்கு நானூறு. பிறகு வாசலில் கூட்டம் வடிந்தது. உள்ளே விசில் கேட்டது.

"நீங்கள் போங்கோ அப்பா. உங்கடை நல்லாத்தானே இருக்கு."

"நீ வந்தாப்போலை போவம்."

"நான் கனக்கப் பாத்திட்டன். நீங்கள் ஒண்டும் பாக்கேல்லை. போங்கோ!"

"ஏலாது பிள்ளை. நான் ஒருக்கா இப்பிடி ஒரு மட்ச்சை விட்டனான்."

மதிலோரக் கல்லில் இருந்துகொண்டு தாசனின் கதையை அவளுக்குச் சொன்னேன். ஐஸ்கிறீமையும் சொன்னேன், பொய்யையும் சொன்னேன். அவள் சால்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"நீங்களும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை அப்பா."

உண்மைதான். அதனால் கேட்டேன். உள்ளே ஒரு சத்தம் எழும்பி அடங்கியது. "இது என்ன?" என்றேன்.

"கோணர். எங்களுக்குத்தான்."

"இது?"

"அவங்கள் பந்தைப் பறிச்சிட்டாங்கள். எங்கடை ஆக்கள் ஏசினம்."

"என்னெண்டு ஏசினம்?"

"அதைத் தமிழிலை சொல்லேலாது" என்று சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு மதிலில் தலையைச் சாய்த்து, உள்ளே நடப்பதெல்லாவற்றையும் சத்தத்திலிருந்தே எனக்குச் சொன்னாள். யோசிக்கிறபோது இடைக்கிடை ஒரு இத்தாலியன் "அல்லோரா", மற்றதெல்லாம் தமிழ். எந்தப் பாட்டை எப்போது பாடுவார்கள், மழையில் நனைந்த நாள் எது, தோற்று அழுத நாள் எது. ஐந்து வருஷம் அந்தக் கல்லில் வந்து இறங்கியது. மலையில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நான் நித்திரையா முழிப்பா என்று தெரியாத ஒரு நிலையில் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு நேரம் என் பிள்ளை என்னோடு தொடர்ந்து கதைத்ததில்லை.

இடைவேளைக்கு மோட்டார் சைக்கிள்காரன் ஐம்பது என்றான். பிறகு இருபது. பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது யன்னல் பெண் வெளியே தலையை நீட்டி எங்கள் பெயரைக் கூப்பிட்டாள். பெயர் அவள் வாயில் படாத பாடு பட்டது. அபியின் கையில் புதிய துண்டு. இரண்டு பேரும் ஓடினோம். வாசலில் அட்டையைப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், விட்டார்கள். இருட்டான ஒரு படிக்கட்டு. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். சின்னவளாக இருக்கும்போது வீதி கடக்க நான் அவளை அப்படித்தான் இழுப்பேன்.

மேலே போனதும் பச்சை. அவ்வளவு பச்சையை நான் எதிர்பார்க்கவில்லை. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான ரோசா. அபி ஒரு இடுக்குக்குள் என்னை நிறுத்தி, சால்வையை என் கழுத்தில் போட்டுவிட்டுப் பாடத் தொடங்கினாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் அவளுக்குப் போத்தல் தண்ணி நீட்டினார். இவ்வளவு பேருக்கு என் பிள்ளையைத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தொண்டை நரம்பு புடைக்க, இரண்டு கையையும் உயர்த்தி, கண்ணில் தண்ணி வழிய அவள் பாடினாள். செப்டெம்பரில் இவள் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

சனம் திடீரென்று துள்ளிக் குதித்தது. ஆர் அடித்தது, எப்படி அடித்தது என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அபி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா! பந்து அங்கை! என்னை ஏன் பாக்கிறியள்? அங்கை பாருங்கோ!"

"ஓம், ஓம். பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்றேன், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.